நாற்பத்தொரு மொட்டைகளும் ஒரு முகாம் வாசலும்

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் நான் குடியிருக்கும் அடுக்குமாடியில் சென்ற மாதம் முகம் பார்த்துத் திறக்கும் கதவு வந்தது. ஒரு சனிக்கிழமை காலை நிர்வாகக் குழுவினர் கீழ்த்தளத்தில் மேசை போட்டு எல்லோரையும் வரிசையில் நிறுத்தினார்கள். என் முறை வந்தபோது, படம் பிடித்துக்கொண்டிருந்த பெண்ணிடம் மூன்று கேள்விகள் கேட்டேன். படத்தை எங்கே வைத்திருப்பீர்கள்? யார் யார் பார்க்கலாம்? நான் வீடு மாறிப் போனால் யார் அழிப்பார்கள்? முதல் கேள்விக்கு அவள் சிரித்தாள். இரண்டாவதற்கு மேலாளரைத் திரும்பிப் பார்த்தாள். மூன்றாவதற்கு, "ஆன்டி, இதுவரைக்கும் யாரும் இதக் கேட்டதில்ல லா" என்றாள்.

மறுவாரம் என்னோடு வேலை பார்த்த மூன்று பெண்கள் மதியச் சாப்பாட்டுக்கு வந்தார்கள். மூவரும் இன்னும் பணியில் இருப்பவர்கள். வாழை இலைக்கு முன்னால் உட்கார்ந்து இதைச் சொன்னேன். அவர்களில் ஒருத்தி, "அக்கா, அந்த மொட்டைக் கதைய எழுதிக் குடுத்துருங்க. நீங்க சொல்லும்போதெல்லாம் மொட்டை எண்ணிக்கை கூடிக்கிட்டே போகுது" என்றாள்.

கூடவில்லை. நாற்பத்தொன்று. பட்டியலில் ஒவ்வொன்றாகக் குறி போட்டவள் நான்.

பள்ளி முடித்ததும் கோலாலம்பூரில் ஒரு தமிழ் நாளிதழில் ஐந்து ஆண்டுகள் மெய்ப்புப் பார்த்தேன். பிறகு ராணுவ முகாம்களில் சிவில் ஊழியராகச் சேர்ந்து இருபத்தெட்டு ஆண்டுகள் கழித்து ஓய்வு பெற்றேன். பத்திரிகையில் கற்றது இரண்டு: பெயரை எழுத்து எழுத்தாகப் படிக்க வேண்டும், ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் கேட்டு உறுதிப்படுத்தாமல் அச்சுக்கு அனுப்பக் கூடாது. முகாமில் கற்றது ரேகை எடுப்பது. மையில் விரலை உருட்டக் கற்க மூன்று வாரம் ஆனது. மை போய்க் கண்ணாடிக் கருவி வந்தபோது அதற்கு இரண்டு நாள் பயிற்சி. என் படிப்பு அவ்வளவுதான்.

முகாமுக்குள் வந்துபோகும் வெளியாட்களைப் பதிவு செய்வது என் வேலை. உணவகத்தில் சமைப்பவர்கள், புல் வெட்டுபவர்கள், குத்தகைக்காரர்கள். சீருடை போட்டவர்களின் ரேகையும் முகமும் வேறொரு பிரிவில் இருந்தன. அவர்கள் அதற்கெல்லாம் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் சேர்ந்தவர்கள். வெளியாட்கள் அப்படிச் சேர்ந்தவர்கள் அல்லர். இந்த வித்தியாசத்தைப் பயிற்சியில் எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. செமினிக்குப் பக்கத்தில் இருந்த ஒரு முகாமில்தான் அது எனக்குப் புரிந்தது.

அந்த முகாம் இருந்த இடம் முன்பு ரப்பர் தோட்டம். தோட்டத்தை மூடியபோது மக்கள் வெளியே வரிசை வீடுகளுக்குப் போய்விட்டார்கள். அவர்களுடைய மாரியம்மன் கோயில் மட்டும் வேலிக்கு உள்ளே நின்றுவிட்டது. தென்வாசல் காவல் சாவடியிலிருந்து பன்னிரண்டு நிமிட நடை. வெள்ளிக்கிழமைகளில் வருபவர்கள் அடையாள அட்டையைச் சாவடியில் கொடுத்துவிட்டு, எண் போட்ட பிளாஸ்டிக் வில்லை ஒன்றை வாங்கிக்கொண்டு உள்ளே போவார்கள். அட்டைகளைச் சிப்பாய்கள் ஒரு பெரிய பிஸ்கட் டின்னில் போட்டு வைப்பார்கள். ஆடித் திருவிழா முடிந்த மறுநாள் யாராவது ஒருவர் இன்னொருவருடைய ஐசியோடு, அதாவது அடையாள அட்டையோடு, திரும்பி வருவது வழக்கம். கணவனும் மனைவியும் அட்டை மாறி ஒரு வாரம் திரிந்ததும் உண்டு.

டின்னுக்குப் பதிலாகத்தான் கருவி வந்தது. ஆறு மாதச் சோதனை. வாசலில் முகம் பார்க்கும் கேமரா, அது தவறினால் விரல் வைக்கும் கண்ணாடி. உள்ளே போனவர் எத்தனை, வெளியே வந்தவர் எத்தனை என்று திரையில் எண் ஓடும். விற்ற நிறுவனம் பெட்டாலிங் ஜெயாவில் இருந்தது. அங்கிருந்து டினேஷ் என்ற பொறியாளர் வருவான். வயது இருபத்தாறு இருக்கும். கெட்டிக்காரன், எப்போதும் ஐஸ் மைலோவும் கையுமாக இருப்பான்.

பொறுப்பதிகாரி மேஜர் ரோஸ்லான். அவர் பேசியது மலாய். இங்கே தமிழில் தருகிறேன்; 'ஐயா' என்பதற்கு நாங்கள் சொல்லும் 'துவான்' மட்டும் அப்படியே இருக்கட்டும். அவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவருடைய முறை இல்லாவிட்டால் இந்தக் கதை வேறு மாதிரி முடிந்திருக்கும்.

எந்த இடத்துக்கு வந்தாலும் அவர் கேட்கும் முதல் கேள்வி, "ஆள் எத்தனை?" எண் ஒத்துப்போகாவிட்டால் அவருக்குச் சாப்பாடு இறங்காது. எந்தக் காகிதத்தையும் தானாகப் படிக்க மாட்டார். "படியுங்கள்" என்பார். கண்ணாடியைக் கழற்றிக் காகிதத்தின் மேலேயே வைத்துவிட்டு, சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்பார். கண்ணால் படிக்கும்போது மனிதன் தனக்குப் பிடிக்காத வரியைத் தாண்டிப் போய்விடுகிறான், காதால் கேட்கும்போது தாண்ட முடியாது என்பது அவர் கட்சி. முடிந்ததும் கண்ணாடியை எடுத்து மாட்டுவார். மாட்டினால் முடிவு செய்துவிட்டார் என்று அர்த்தம்.

பதிவுக் கோப்பில் முதல் பெயர் எப்போதும் கருவியை இயக்குபவருடையதாக இருக்கும். கருவி ஒழுங்காக வேலை செய்கிறதா என்று தன் மேலேயே பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது விதி. ஆகவே ஒன்றாம் எண் நான். இரண்டாவதாக மேஜர் வந்து உட்கார்ந்தார். "நீங்கள் வேறு கோப்பில் இருக்கிறீர்கள், துவான்" என்றேன். "மற்றவர்களிடம் கேட்பதை முதலில் நான் கொடுக்கிறேன்" என்றார். அதோடு நிற்காமல் எங்கள் இருவருடைய பழைய வாசல் அட்டைகளையும் சோதனை முடியும்வரை ரத்து செய்துவிட்டார். சோதிப்பவர்கள் வேறு வழியாக உள்ளே வரக் கூடாதாம்.

கோயில் மண்டபத்தில் மேசை போட்டோம். முறை இதுதான்: முதலில் ஈரத் துணியால் விரல்களைத் துடைக்க வேண்டும். வலது கை நான்கு விரல், இடது கை நான்கு விரல், பிறகு இரண்டு கட்டை விரல்களும் சேர்த்து. ஒவ்வொரு விரலுக்கும் திரையில் ஒரு மதிப்பெண் வரும். அறுபதுக்குக் கீழே போனால் சிவப்பு. பிறகு முகம்: நெற்றியில் எதுவும் கூடாது, கண்ணாடி கூடாது, சிரிக்கக் கூடாது. கோயிலில் உட்கார்ந்துகொண்டு ஒவ்வொருவரிடமும் திருநீற்றை அழிக்கச் சொல்வது எனக்குச் சங்கடமாக இருந்தது. கோயில் தலைவர் மாரிமுத்து முன்னாள் லோரி ஓட்டுநர். அவர் ஒரு வழி சொன்னார்: "மிஸ், மொதல்ல படம் எடுத்துக்குங்க, அப்புறம் சாமி கும்பிடட்டும். வரிசைய மாத்துனா ஆச்சு." மாற்றினோம்.

மூன்றாவது நாள் அஞ்சலை வந்தார். அறுபதைத் தாண்டிய வயது. முப்பது ஆண்டுகள் பால்மரம் சீவியவர். கத்திப் பிடியும், பால் உறைய ஊற்றும் அமிலமும் சேர்ந்து அவர் விரல்களில் ரேகையே இல்லாமல் செய்திருந்தன. வெந்நீரில் நனைத்தேன். எண்ணெய் தடவித் துடைத்தேன். வலது சுண்டு விரல் மட்டும் இருபத்திரண்டு வரை ஏறியது. மற்ற ஒன்பதும் அதைவிடக் கீழே.

"ஆன்டி, மெஷின் விரலே இல்லைங்குது" என்றான் டினேஷ்.

"விரல் இல்லாமலா முப்பது வருஷம் மரம் சீவுனேன்?" என்றார் அஞ்சலை. "ஒம் மெஷின நாளைக்கு வெடியால நாலு மரம் சீவச் சொல்லு. அப்புறம் பாக்கலாம் யாருக்கு வெரல் இல்லன்னு."

முகத்தை வைத்துப் பதிவு செய்யலாம் என்று சொன்னேன். அவர் உட்காரவில்லை.

"இரும்மா. இத வச்சு என்னா பண்ணுவீங்க?"

"வாசல்ல கதவு திறக்க, அக்கா."

"அதுக்கு அப்புறம்?"

"அதுக்கு அப்புறம் ஒண்ணுமில்ல."

"எங்கப்பாகிட்டயும் இப்படித்தான் சொன்னாங்க" என்றார். வெள்ளைக்காரன் ஆண்டபோது வந்த அவசரகாலத்தில், காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போய்விடக் கூடாது என்று அதே தோட்டத்துக்கு முள்வேலி போட்டார்கள். ஆட்களை வரிசையில் நிற்க வைத்துப் படம் எடுத்தார்கள், கட்டை விரலை மையில் அழுத்தினார்கள். கேட்டில் சோற்றுப் பாத்திரத்தைக் கிளறிப் பார்த்துவிட்டுத்தான் வேலைக்கு விட்டார்களாம். "அந்தக் காயிதம் எங்க போச்சு? எவன் பொட்டியில இருக்கு? சாகற வரைக்கும் கேட்டாரு. பதில் சொல்ல ஆளில்ல. நீ சொல்லு, இத எப்ப அழிப்ப?"

"ஆறு மாசத்துல, சோதனை முடிஞ்சதும்."

"அழிக்கிறப்ப என்னைக் கூப்புடுவியா?"

பத்திரிகையில் இருந்தவளுக்குத் தெரியும், ஒரு கேள்விக்கு நேரான பதில் இல்லாதபோது அதிகாரிகள் எப்படிப் பேசுவார்கள் என்று. அந்த மாதிரி ஒரு வாக்கியம் என் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அதை விழுங்கிவிட்டு, "கூப்பிடறேன்" என்றேன். அஞ்சலை உட்கார்ந்தார். படத்தில் அவர் முறைத்துக்கொண்டிருந்தார்.

சொல்லிவிட்டேனே தவிர, அப்படிச் சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை. அன்று மாலையே ஒப்புதல் படிவம் ஒன்றைத் தமிழில் எழுதினேன். எட்டு வரி. இந்தத் தகவல் தென்வாசலுக்கு மட்டும் பயன்படும், வேறு யாருக்கும் தரப்படாது, சோதனை முடிந்ததும் அழிக்கப்படும். எட்டாவது வரி: அழிக்கும்போது கோயிலைச் சேர்ந்த இருவர் கூட இருப்பார்கள்.

மேஜரிடம் கொண்டுபோனேன். "படியுங்கள்" என்றார். அவருக்குத் தமிழ் தெரியாது. இருந்தாலும் எட்டு வரியையும் தமிழிலேயே கேட்டார். பிறகு மலாயில் சொல்லச் சொன்னார். மறுநாள் என்னை அறைக்கு வெளியே நிற்க வைத்துவிட்டு, முகாமில் இருந்த ஒரு தமிழ் சார்ஜண்டை அழைத்து அதே காகிதத்தை மொழிபெயர்க்கச் சொன்னார். இரண்டும் ஒத்துப்போனதும் என்னைக் கூப்பிட்டார்.

"எட்டாவது வரியை யார் கேட்டது?"

"ஒரு பால்மரத் தொழிலாளி, துவான்."

"நான் கேட்டிருக்க வேண்டியது" என்று கண்ணாடியை மாட்டிக் கையெழுத்துப் போட்டார்.

மொத்தம் இருநூற்று எண்பத்தாறு பேரைப் பதிவு செய்தோம். இரண்டு மாதங்களுக்கு மேல் எல்லாம் ஒழுங்காக ஓடியது. மூன்றாவது மாதம் ஆடித் திருவிழா வந்தது.

அன்று ஞாயிற்றுக்கிழமை. காலையில் கோயில் மக்கள் வரிசையாக வந்தார்கள். கேமராவைப் பார்த்தார்கள், பச்சை எரிந்தது, உள்ளே போனார்கள். பிஸ்கட் டின்னுக்கு வேலையே இல்லை. டினேஷ் ஒவ்வொரு பச்சைக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தான். பால்குடம், காவடி, தீமிதி எல்லாம் நடந்தன. பன்னிரண்டு மணிக்குப் பிறகு காஜாங்கிலிருந்து வந்த இரண்டு முடிதிருத்துபவர்கள் மழைமரத்து நிழலில் பலகை போட்டு உட்கார்ந்தார்கள்.

மதியம் இரண்டு மணிக்குக் கூட்டம் வெளியே வரத் தொடங்கியது. முதல் மொட்டை கேமரா முன்னால் வந்து நின்றது. சிவப்பு. இரண்டாவது மொட்டைக்கும் சிவப்பு. மீசை கிடையாது, தலையில் முடி கிடையாது, உச்சி முழுக்கச் சந்தனம், நெற்றி முழுக்கத் திருநீறு. சரி, விரலை வையுங்கள் என்றோம். மஞ்சள் தண்ணீரில் ஊறிச் சுருங்கிய விரல்கள். ஐந்தாவது ஆள் வைப்பதற்குள் கண்ணாடியே சந்தனத்தில் மூடிப்போனது. துடைத்தால் இன்னும் பரவியது. மூன்று மணிக்குச் சாவடியின் இந்தப் பக்கம் நாற்பத்தொரு மொட்டைகள் நின்றன. அவற்றில் ஆறு பெண்கள்.

டினேஷ் திரையையும் அவர்களையும் மாறி மாறிப் பார்த்தான். "ஆன்டி, சிஸ்டம் சொல்றது ஒருவகையில கரெக்ட்தான். உள்ள போன நாப்பத்தொரு பேரு இன்னும் வெளிய வரல. வெளிய வர்ற நாப்பத்தொரு பேரு உள்ளயே போகல."

"மொட்டை போடுவாங்கன்னு உங்க ஆபீஸ்ல யாருக்கும் தெரியாதா?"

"எங்கம்மா எனக்கே பத்துமலையில ரெண்டு வாட்டி போட்டிருக்காங்க ஆன்டி. ஆனா மெஷின் கிட்ட அத யாரு சொல்றது?"

அவனைத் திட்ட எனக்கு உரிமை இல்லை. எனக்கும் சிறு வயதில் முடி இறக்கியிருக்கிறார்கள். ஆடித் திருவிழா என்றால் முடிகாணிக்கை இருக்கும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் பதிவு மேசையில் இத்தனை வருடம் உட்கார்ந்ததில், முகம் என்பது மாறாத ஒன்று என்று நானும் நம்பத் தொடங்கியிருந்தேன்.

சாவடியில் பணியில் இருந்தவர் கார்ப்பரல் ஹாபிஸ். நிலையான உத்தரவு அவரிடம் இருந்தது: எண் ஒத்துப்போகும்வரை தடுப்பைத் தூக்கக் கூடாது. தூக்கவில்லை. மொட்டைகள் சாலையோரம் உட்கார்ந்து மிச்சமிருந்த கடலையையும் ரோஸ் சிராப்பையும் முடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு இது வேடிக்கை. எனக்கு இல்லை. அந்தக் கோயிலை வேலிக்கு வெளியே மாற்றிவிடலாமே என்று மேலிடத்திலிருந்து ஏற்கெனவே ஒரு கடிதம் வந்திருந்தது. மாலை ஆறு மணிக்குள் கணக்குச் சரியாகாவிட்டால், மேஜர் அதை அத்துமீறல் என்று அறிக்கை அனுப்பியாக வேண்டும். அதற்குப் பிறகு இந்த வாசல் கோயிலுக்குத் திறக்காது.

மேஜர் ஒரு கல்யாண விருந்திலிருந்து, பூப்போட்ட பாத்தேக் சட்டையோடு வந்து இறங்கினார்.

"ஆள் எத்தனை?"

"நாற்பத்தொன்று, துவான். காணாமல் போனவர்களும் நாற்பத்தொன்று, தெரியாதவர்களும் நாற்பத்தொன்று."

மொட்டைகளை ஒருமுறை நடந்து எண்ணினார். திரும்பி வந்து, "இவர்கள் எல்லோரையும் தெரிந்த இருவர் வேண்டும். ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்கக் கூடாது" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. என் பழைய செய்தி ஆசிரியரும் இதையேதான் சொல்வார்.

இருபதடி தள்ளி இரண்டு மேசைகள், ஒன்றுக்கொன்று முதுகு காட்டி. ஒன்றில் அஞ்சலையும் ஹாபிஸும். இன்னொன்றில் மாரிமுத்துவும் நானும். ஒவ்வொரு மொட்டையும் முதலில் அஞ்சலையிடம் நிற்கும், பிறகு எங்களிடம் வரும். இரு பட்டியலிலும் அதே பெயர் இருந்தால் தடுப்பு தூக்கப்படும்.

அஞ்சலை ஒரு ஆளுக்கு மூன்று விநாடிதான் எடுத்துக்கொண்டார். "இது சரசு மக. அந்த நடையப் பாரு." "இவன் ராமையா பேரன், காதப் பாத்தாலே தெரியல?" மாரிமுத்து நிதானமாகச் சொல்லி, நான் எழுதுவதையும் எட்டிப் பார்த்தார். நாற்பது பேர் ஒத்துப்போனார்கள். மணி ஐந்து பத்து.

கடைசி ஆள் எங்கள் மேசைக்கு முன்னால் வந்து நின்றார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். மாரிமுத்து என் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இவரு யாரு அண்ணே?"

"தெரியாது."

"கொஞ்சம் நிமிந்து பாருங்க."

"பாத்துட்டேன் மிஸ். தெரியாதுன்னா தெரியாது. அடுத்த ஆளக் கூப்புடுங்க."

அடுத்த ஆள் இல்லை. நின்றவர் தலையைத் தடவிக்கொண்டார். "மெஷினுக்கு என்னைத் தெரியலைன்னா பரவால்ல மிஸ். அதுக்கு என்னை மூணு மாசமாத்தான் பழக்கம்."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. இவர் கோவிந்தன், மாரிமுத்துவின் சொந்தத் தம்பி. கோயில் நிர்வாகத் தேர்தலில் எதிரணிக்குப் போய்விட்டார் என்று நான்கு வருடமாக அண்ணன் தம்பிக்குள் பேச்சில்லை. எனக்குத் தெரிந்து என்ன பயன்? நான் சாட்சி அல்ல.

"அண்ணே, ஆறு மணிக்குள்ள முடியலைன்னா கோயிலுக்கு வழி போயிரும்."

அந்த மேசையிலிருந்து, திரும்பிப் பார்க்காமலே, அஞ்சலையின் குரல் வந்தது.

"டேய் மாரிமுத்து! போன வருஷம் ஒனக்கு நெஞ்ச அறுத்தாங்கல்ல? ஆஸ்பத்திரி வாசல்ல நின்னு அழுதுகிட்டே வேண்டிக்கிட்டான்டா இவன். அந்த முடியத்தான் இன்னிக்கி எறக்கியிருக்கான். நீ தெரியாதுங்கற. நல்லா இருக்குடா ஒன் நெஞ்சு!"

கோவிந்தன், "ஏன் அக்கா அதெல்லாம்?" என்று முணுமுணுத்தார்.

மாரிமுத்து தன் சட்டைப் பொத்தானைத் திருகினார். பிறகு நிமிர்ந்து பார்த்தார். "எழுதிக்குங்க மிஸ்" என்றார். "கோவிந்தன். எந் தம்பி." என்னிடம் சொல்லிவிட்டு அவரிடம், "சந்தனம் கண்ணுல எறங்குது பாரு, தொடைடா" என்றார்.

மேஜர் பக்கத்தில் வந்தார். "முதல் மேசை இரண்டாவது மேசையோடு பேசியது. அது விதிமீறல்."

"பேசியது, துவான். ஆனால் பெயரைச் சொல்லவில்லை."

"என்ன பேசியது?"

"குடும்ப விஷயம்."

கண்ணாடியை மாட்டினார். ஐந்து நாற்பதுக்குத் தடுப்பு தூக்கப்பட்டது.

கதை இதோடு முடிந்திருந்தால் வெறும் வேடிக்கைதான். புதன்கிழமை டினேஷ் பெட்டாலிங் ஜெயாவிலிருந்து ஓடி வந்தான். இந்த முறை கையில் மைலோ இல்லை, கடிதம் இருந்தது.

"ஆன்டி, ஒரே ஆளு, ஒரே நாளு, ரெண்டு மொகம்! அதுவும் நாப்பத்தொரு ஜோடி! இந்த மாதிரி டேட்டாவ காசு குடுத்தாலும் எடுக்க முடியாது. எங்க பாஸ் குதிக்கிறாரு. வாரா வாரம் படம் எடுத்தா முடி வளர்றதயும் சேத்து சிஸ்டம் கத்துக்கும்."

"கத்துக்கிட்டு?"

"சண்டை நடக்கற நாட்டுல எல்லாம் ஆர்மி செக்போஸ்ட் போடுதுல்ல, அங்க தாடி எடுத்து, முடி எடுத்து ஆளு மாறி வருவாங்க. அவங்களக் கண்டுபிடிக்கும். வெளிநாட்டுல கேக்கறாங்க ஆன்டி."

அவன் கெட்டவன் அல்ல. வேலை நன்றாக வந்ததில் அவனுக்குப் பெருமை. கடிதத்திலும் நியாயமான பேச்சு இருந்தது: கோப்பை நிரந்தரமாகக் கொடுத்தால் கருவியைத் திருத்தித் தருவார்கள், அடுத்த ஆடிக்கு மொட்டைகள் தடையில்லாமல் போகலாம், இன்னொரு வாசலுக்கும் கருவி கிடைக்கும். நானும் இரண்டு நிமிடம் ஊசலாடினேன். பிறகு கோவிந்தன் நினைவுக்கு வந்தார். அண்ணனுக்காக அவர் இறக்கிய முடி, பெயர் தெரியாத ஒரு நாட்டில், அவருக்குத் தெரியாத ஒரு ஆளை ஒரு சாவடியில் பிடித்து நிறுத்தப் பாடமாகப் போகும். அவரிடம் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

மேஜரின் அறையில் அந்த மூன்று பக்கக் கடிதத்தை உரக்கப் படித்தேன். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். ராணுவ வேலை இது, அவருக்கு இதன் பயன் என்னைவிட நன்றாகத் தெரியும். சரி என்று அவர் சொல்லிவிட்டால் அஞ்சலையிடம் நான் சொன்னது பொய்யாகிவிடும்.

"இப்போது அந்தப் படிவத்தைப் படியுங்கள்" என்றார்.

"மலாயிலா, துவான்?"

"நான் எதில் கையெழுத்துப் போட்டேனோ அதில்."

எட்டு வரியையும் தமிழில் படித்தேன். புரியாத மொழியைக் கடைசிவரை கேட்டுவிட்டு, "கடைசி வரியில் எத்தனை பேர்?" என்றார்.

"இருவர்."

கண்ணாடியை மாட்டினார். "சோதனை முடியும் நாளில் அவர்களை வரச் சொல்லுங்கள். நிறுவனத்துக்கு, இந்த முகங்கள் எங்களுடையவை அல்ல, ஆகவே கொடுக்க முடியவில்லை என்று எழுதுங்கள்."

டினேஷ் முகம் வாடியது. ஆனால் வாசலுக்குப் போகும்போது, "பாஸ் கிட்ட நான் சொல்லிக்கிறேன் ஆன்டி. அந்த அங்கிளுங்க மொகத்துல எனக்கும் முழிக்கணும்ல" என்றான்.

மூன்று மாதம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை காலை அழித்தோம். தகவல் இருந்தது இரண்டு வட்டுகளில் மட்டுமே: ஒன்று கருவிக்குள், அதன் நகல் மேஜரின் இரும்புப் பெட்டியில். கருவி வெளி இணைப்பு எதிலும் இல்லை. டினேஷின் மடிக்கணினி முகாமை விட்டு ஒருநாளும் வெளியே போனதில்லை. அதைச் சாவடிப் புத்தகத்தில் மூன்று முறை சரிபார்த்தேன். மாரிமுத்துவும் அஞ்சலையும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். மாரிமுத்துவைக் காரில் கொண்டுவந்து விட்டவர் கோவிந்தன். முடி ஓரளவு வளர்ந்திருந்தது. திரையில் இருநூற்று எண்பத்தாறு என்ற எண் இறங்கிக்கொண்டே வந்து பூஜ்யத்தில் நின்றது.

"இவ்வளவுதானா?" என்றார் அஞ்சலை. அவருக்குத் திருப்தி இல்லை.

இல்லை என்று சொல்லி முகாம் பட்டறைக்கு அழைத்துப் போனேன். இரண்டு வட்டுகளையும் இரும்புப் பலகையில் வைத்து, ஒரு மெக்கானிக் பெரிய சுத்தியலால் அடித்தார். தகடு உடைந்து பளபளவென்று சிதறியது. அவர் சுத்தியலைக் கீழே வைக்கப் போனபோது அஞ்சலை கையைக் காட்டி நிறுத்தினார்.

"தம்பி, இன்னும் ஒரு அடி. எங்கப்பா காயிதத்துக்கும் சேத்து."

மெக்கானிக்குக்குத் தமிழ் தெரியாது. நான் சொன்னேன். அவர் மேஜரைப் பார்த்தார். மேஜர் தலையசைத்தார். அந்த அடி மற்ற எல்லாவற்றையும்விடப் பலமாக விழுந்தது.

திங்கட்கிழமை காலை வழக்கம்போலத் தென்வாசலுக்குப் போனேன். நிறுவனத்து ஆட்கள் கருவியைக் கழற்ற இன்னும் வரவில்லை. புது வட்டு போட்டு நிறுத்தியிருந்தார்கள். பழக்கத்தில் முகத்தைக் காட்டினேன். சிவப்பு. விரலை வைத்தேன். சிவப்பு. அப்போதுதான் நினைவு வந்தது: கோப்பில் முதல் பெயர் என்னுடையது. இருநூற்று எண்பத்தாறு பேரில் நானும் ஒருத்தி. நானே என்னை அழித்திருக்கிறேன். ரத்தான பழைய அட்டையை மறுபடி செல்லுபடியாக்க யாருக்கும் நினைவு வரவில்லை.

"மன்னிக்க வேண்டும் காக், உங்களைத் தெரியவில்லை" என்றார் ஹாபிஸ். ஆறு மாதமாகத் தினமும் காக், அதாவது அக்கா, என்று எனக்குக் காலை வணக்கம் சொன்னவர்.

நான் சிரித்துக்கொண்டு நின்றபோது பின்னால் ஒரு கார் வந்து நின்றது. மேஜர் இறங்கி வந்து கேமராவைப் பார்த்தார். சிவப்பு. கட்டை விரலை வைத்தார். சிவப்பு. இன்னொரு முறை வைத்துப் பார்த்தார்.

"ஆள் எத்தனை?" என்றார்.

"இரண்டு, துவான். இரண்டு பேருமே தெரியாதவர்கள்."

அவர் முகம் மலர்ந்து நான் பார்த்தது அந்த ஒரு முறைதான். சட்டைப் பையிலிருந்து ஐசியை எடுத்து நீட்டினார். ஹாபிஸ் மேசைக்கு அடியிலிருந்து தூசி தட்டி பிஸ்கட் டின்னை எடுத்தார். எனக்கு ஏழாம் எண் வில்லை, மேஜருக்கு எட்டு. அன்று மத்தியானம் வண்டி பிடித்து அஞ்சலை வீட்டுக்குப் போய், வாசல் எங்களை உள்ளே விடவில்லை என்று சொன்னேன். "அப்ப நெசமாத்தான் அழிச்சிருக்க" என்றார்.

எங்கள் அடுக்குமாடி மேலாளரிடமிருந்து மூன்றாவது கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை. வரும்வரை முகம் கொடுப்பதாக இல்லை. காவலாளியின் வருகையாளர் புத்தகத்தில் எழுதிவிட்டுத்தான் தினமும் மாடிக்குப் போகிறேன். யாரைப் பார்க்க வந்தீர்கள் என்ற கட்டத்தில் என் பெயரையே எழுதுகிறேன்.